துணிக்கடைச் சிப்பந்தி எழுதிய உயில்



துவரம்பருப்பும் உளுந்தும் விற்கிற மண்டிக்காரனுக்கு இத்தாலி நாட்டுக் கோட்டு வியாபாரியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த ஆள் தைத்து விற்ற கோட்டு ஒன்றின் விலைக்கு நாம் சில மூட்டை உளுந்து வாங்கி அடுக்கிவிடலாம். அதை நானும் வாங்கப் போவதில்லை, நீங்களும் வாங்கப் போவதில்லை. ஆனால் கடையைத் தொடங்குவது எப்படி, பிடித்து வைப்பது எப்படி, தனக்குப் பின் விட்டுச் செல்வது எப்படி என்ற மூன்று கேள்விக்கும் அவருடைய வாழ்க்கையில் பதில் இருக்கிறது. முதல் இரண்டும் நமக்குத் தெரிந்தவைதான். மூன்றாவதில்தான் நம்மில் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். நானும் விட்டிருப்பேன். அதனால்தான் எழுதத் துணிந்தேன்.

அவர் பெயர் ஜார்ஜியோ அர்மானி. 2025 செப்டம்பர் 4ஆம் தேதி மிலான் நகரில் தம் 91ஆம் வயதில் காலமானார். அவர் மறைந்த செய்தியையும், சில நாட்கள் கழித்து அவருடைய உயில் பற்றி வந்த செய்தியையும் என் மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். முதல் செய்தியைக் காது கொடுத்துக் கேட்டேன். இரண்டாவது செய்தியைக் கேட்டபோது கணக்கு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

மருத்துவப் படிப்பிலிருந்து கடை ஜன்னலுக்கு

வடக்கு இத்தாலியில் பியாசென்சா என்ற ஊரில் 1934 ஜூலை 11ஆம் தேதி அவர் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் நடுவிலவர். சம்பளத்தில் நடந்த சாதாரணக் குடும்பம். இரண்டாம் உலகப் போர் நடந்த காலத்தில் வளர்ந்த பிள்ளை. குண்டு விழுந்த ஊரில் விளையாடப்போய் வெடிமருந்து தீப்பற்றி உடம்பெல்லாம் புண்ணாகி ஆஸ்பத்திரியில் கிடந்தவர். பஞ்சத்தையும் பயத்தையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பொருளை வீணாக்க மனம் வராது என்பது நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்தாலே தெரியும். இவரும் அப்படித்தான் இருந்திருக்கிறார்.

டாக்டராக வேண்டும் என்று மிலான் பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். சில ஆண்டுகள் படித்துவிட்டுப் பாதியில் விட்டுவிட்டார். இடையில் ராணுவத்தில் கட்டாயச் சேவையும் செய்தார். பிறகு 1957இல் மிலானில் ‘லா ரினாஷென்டே’ என்ற பெரிய பல்பொருள் அங்காடியில் வேலைக்குச் சேர்ந்தார். வேலை என்ன தெரியுமா? கடை ஜன்னலில் பொருள்களை அழகாக அடுக்கி வைப்பது. அப்போது அவருக்கு வயது 23.

இந்தக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் போக்கோனி என்ற சகோதரர்கள் ஆயத்த ஆடை விற்கத் தொடங்கிய கடை அது. 1917இல் கை மாறியபோது புது முதலாளி ஒரு கவிஞரிடம் பெயர் கேட்டார். மீண்டும் பிறப்பது என்று பொருள்படும் பெயரை அவர் சூட்டினார். பெயர் வைத்த மறு ஆண்டே கடை தீப்பிடித்தது. திரும்பக் கட்டினார்கள். 1943இல் போர் விமானங்கள் குண்டு போட்டு மறுபடி அழித்தன. அதையும் கட்டி 1950இல் திறந்தார்கள். பெயருக்கேற்ற கடை. அந்தக் கடையில்தான் நம் ஆள் தொழில் படித்தார்.

ஜன்னலில் தொடங்கிய அவரை ஆண்கள் ஆடைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே விற்பனையும் கொள்முதலும் பழகினார். ஏறக்குறைய ஏழு ஆண்டு அங்கே இருந்தார். எந்தத் துணியை வாடிக்கையாளர் கையில் எடுத்துப் பார்க்கிறார், எதை விரலால் தடவிவிட்டு வைத்துவிடுகிறார், எந்த அளவு தங்கிப் போகிறது, எதைக் கேட்டு இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் கல்லாவுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குத்தான் தெரியும். பள்ளிக்கூடத்தில் வரைபடம் போட்டுப் படித்த ஆடை வடிவமைப்பாளர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். இவர் அந்தப் படிப்பைப் படித்தவரே அல்ல. வாங்குபவரின் முகத்தைப் பார்த்துப் படித்தவர்.

ஆலையில் கற்ற பாடம்

1960களின் நடுவில் நினோ செருட்டி என்ற துணி ஆலை முதலாளி இவரை அழைத்துக்கொண்டார். செருட்டி குடும்பத்தின் ஆலை பியெல்லா என்ற ஊரில் 1881ஆம் ஆண்டு முதல் கம்பளித் துணி நெய்து வந்தது. நூல் நல்ல நூலா, நெசவு நல்ல நெசவா என்பதற்கு அந்த ஊர் பெயர் பெற்றது. செருட்டி புதிதாகத் தொடங்கிய ஆண்கள் ஆடை நிறுவனத்துக்கு அர்மானி கோட்டுகளை வடிவமைத்தார். கடையில் சரக்கின் போக்கைக் கற்றவர் ஆலையில் சரக்கின் ஆக்கத்தைக் கற்றார். ஒரு கோட்டுக்கு எத்தனை மீட்டர் துணி போகிறது, எங்கே வெட்டினால் துணி மிச்சமாகும், தொழிற்சாலையில் நூறு ஆயிரம் என்று தைத்தாலும் கையால் தைத்தது போல விழ வைப்பது எப்படி என்பதையெல்லாம் அங்கேதான் பழகினார்.

விளைகிற இடமும் விற்கிற இடமும் தெரிந்த வியாபாரியை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. நம் தொழிலிலும் அப்படித்தான். களத்தில் பயறு காய்வதைப் பார்த்தவன் மாதிரிச் சரக்கைக் கையில் அள்ளியதும் ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவான்.

கார் விற்ற காசில் கம்பெனி

1966இல் செர்ஜியோ கலியோட்டி என்பவருடன் இவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. கலியோட்டி கட்டட வரைபட வேலை தெரிந்தவர். இவரைவிட வயதில் இளையவர். வாழ்க்கையிலும் தொழிலிலும் இருவரும் துணையானார்கள். ‘இன்னும் எத்தனை நாள் பிறத்தியாருக்கு உழைப்பாய், உன் பெயரிலேயே செய்’ என்று தூண்டியவர் கலியோட்டிதான். அர்மானி தம் வோக்ஸ்வாகன் காரை விற்று முதல் போட்டார். 1975 ஜூலை 24ஆம் தேதி அவர் பெயரிலேயே நிறுவனம் பதிவானது.

அன்று அவருக்கு வயது 41. இதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். 23 வயதில் ஜன்னல் அடுக்கத் தொடங்கியவர் 18 ஆண்டு அடுத்தவரிடம் வேலை பார்த்துவிட்டுத்தான் சொந்தக் கடை வைத்தார். ஆறு மாதம் கடையில் உட்கார்ந்துவிட்டு ‘எல்லாம் தெரிந்துவிட்டது, தனியாகப் போகிறேன்’ என்று சொல்கிற தம்பிமார்கள் இதை இரண்டு முறை படிக்கட்டும்.

கூட்டு எப்படி என்றால், அர்மானி சரக்கைப் பார்த்துக்கொண்டார். கலியோட்டி பணம், ஒப்பந்தம், பேரம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். ஒருவர் வேலையில் மற்றவர் கை வைக்கவில்லை. நல்ல கூட்டு வியாபாரத்தின் இலக்கணம் அதுதான்.

எடுத்ததுதான் அவர் சேர்த்தது

சரக்கில் அப்படி என்ன புதுமை செய்தார்? பழைய முறையில் தைத்த கோட்டைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். மேல் துணிக்கும் உள் துணிக்கும் நடுவில் விறைப்புக்காகக் கெட்டித் துணி, குதிரை முடி கலந்த நெசவு, தோளில் பஞ்சுப் பட்டை என்று என்னென்னவோ இருக்கும். போட்டுக்கொண்டால் ஆள் பெட்டிக்குள் நிற்பது போல் இருப்பார். அர்மானி அந்த விறைப்பையெல்லாம் எடுத்தார் அல்லது குறைத்தார். மெல்லிய, மடங்கி விழுகிற துணியைப் போட்டார். தோளைச் சரிய விட்டார். பொத்தானைக் கொஞ்சம் கீழே இறக்கினார். நிறத்தில் சாம்பலும் மணலும் கலந்தது போன்ற அமைதியான நிறங்களை எடுத்தார். கோட்டு உடம்போடு அசைந்தது.

அதே சமயத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்கள் பெருவாரியாக அலுவலக வேலைக்கு, அதிகாரி வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மதிப்பாகவும் இருக்க வேண்டும், கை கால் வீசவும் முடிய வேண்டும். ஆண்களின் கோட்டில் செய்ததைப் பெண்களுக்கும் செய்து கொடுத்தார். வாடிக்கையாளர் வாய் விட்டுக் கேட்பதற்கு முன்பே அவருக்கு என்ன வேண்டும் என்று அறிந்து தட்டில் வைத்தார். ஜன்னலில் நின்ற ஏழு ஆண்டு வீண் போகவில்லை.

1978இல் டூரின் நகரத்துப் பெரிய ஆடைத் தொழிற்சாலை ஒன்றுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். வடிவம் இவருடையது, தைப்பது அவர்கள் பொறுப்பு. ஆலை கட்டக் கடன் வாங்காமலே உற்பத்தி பெருகியது. 1980இல் ‘அமெரிக்கன் ஜிகோலோ’ என்ற ஹாலிவுட் படம் வந்தது. கதாநாயகன் ரிச்சர்ட் கியர் அணிந்த உடைகள் இவருடையவை. படம் பார்த்தவர்கள் கோட்டைத் தேடிக்கொண்டு வந்தார்கள். 1982இல் ‘டைம்’ பத்திரிகை அட்டையில் இவர் படத்தைப் போட்டது.

பெயர் உயர்ந்ததும் இன்னொரு காரியம் செய்தார். 1981இல் ‘எம்போரியோ அர்மானி’ என்று தனியாக ஒரு வரிசை தொடங்கினார். எம்போரியோ என்றால் நம் பாஷையில் பண்டசாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கோட்டை வாங்க முடியாத இளைஞர்களுக்கு அதே கைத்தரத்தில் விலை குறைந்த சரக்கு. முதல் தரம், இரண்டாம் தரம் என்று நாம் பருப்பைப் பிரித்துத் தனித்தனி மூட்டையில் தனித்தனி விலை போடுவதில்லையா? அதைத்தான் அவர் செய்தார். கலந்து விற்கவில்லை. அதனால் மேல் சரக்கின் பெயரும் கெடவில்லை, கீழ்ச் சரக்கும் நன்றாக ஓடியது.

கூட்டாளி போன பின்

1985இல் கலியோட்டி இறந்துபோனார். வயது 40தான். கணக்கும் பேரமும் பார்த்தவர் போய்விட்டார். கோட்டு வரைகிறவருக்கு வியாபாரம் என்ன தெரியும், இனிக் கம்பெனி படுத்துவிடும் என்று ஊரில் பலரும் பேசினார்கள். துக்கத்தோடு துக்கமாக அர்மானி பேரேட்டைக் கையில் எடுத்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பின் ஐந்தொகை படிக்கக் கற்றார். தாமே வடிவமைப்பாளர், தாமே முதலாளி என்று அடுத்த நாற்பது ஆண்டு நடத்தினார்.

இத்தாலியின் பேர் பெற்ற ஆடைக் கடைகள் ஒன்றன் பின் ஒன்றாக வெளியார் கைக்கும் பங்குச் சந்தைக்கும் போன காலம் அது. இவரிடமும் பலர் வந்து கேட்டார்கள். கொடுக்கவில்லை. பங்கு விற்கவில்லை. கடனில் மூழ்கவில்லை. ரொக்கம் கையில் வைத்துக்கொண்டு வியாபாரம் செய்தார். வாசனைத் திரவியம், மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், வீட்டுச் சாமான், 2010இல் துபாயிலும் 2011இல் மிலானிலும் ஓட்டல் என்று கிளைகள் பரந்தன. 2024இல் மொத்த விற்றுமுதல் சுமார் 230 கோடி யூரோ. அத்தனைக்கும் சொந்தக்காரர் ஏறக்குறைய அவர் ஒருவரே.

2020இல் கொரோனா நோய் இத்தாலியைத் தாக்கியபோது, பிப்ரவரி 23ஆம் தேதி நடக்க வேண்டிய ஆடைக் காட்சியைப் பார்வையாளர் ஒருவரையும் உள்ளே விடாமல் நடத்தினார். வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது வியாபாரிக்குக் கசப்பான காரியம். ஆனாலும் செய்தார். அடுத்த மாதமே இத்தாலியில் இருந்த தம் ஆலைகளில் மருத்துவமனை ஊழியர்களுக்கான மேலுடை தைக்க வைத்தார்.

குறையையும் சொல்ல வேண்டும்

ஒரு மனிதரைப் புகழ்ந்து எழுதும்போது தராசின் ஒரு தட்டை மட்டும் காட்டக் கூடாது. 2024 ஏப்ரலில் மிலான் நீதிமன்றம் அர்மானி குழுமத்தின் உற்பத்தி நிறுவனம் ஒன்றை நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் மேற்பார்வையில் வைத்தது. கைப்பை தைக்கும் வேலையை ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்க, அவர் இன்னொருவருக்குக் கொடுக்க, கடைசியில் குறைந்த கூலிக்கு நெடுநேரம் வேலை வாங்கும் பட்டறைகளில் அது தைக்கப்பட்டது என்றும், அதை நிறுவனம் சரியாகக் கண்காணிக்கவில்லை என்றும் சொல்லப்பட்டது. நிறுவனம் முறைகளைத் திருத்திக்கொண்டதால் 2025 பிப்ரவரியில் அந்த மேற்பார்வை முன்கூட்டியே விலக்கப்பட்டது. ஆனால் 2025 ஆகஸ்டில், தொழிலாளர் நலம் பற்றித் தன் விளம்பரங்களில் சொன்னதும் நடந்ததும் பொருந்தவில்லை என்று இத்தாலியின் போட்டி ஆணையம் 35 லட்சம் யூரோ அபராதம் போட்டது. அதை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்வோம் என்று நிறுவனம் சொன்னது.

நம் பெயர் போட்ட பையில் என்ன இருக்கிறது என்பதற்கு நாம்தான் பொறுப்பு. பாக்கெட் போட்டவன் யாரோ, எனக்குத் தெரியாது என்று நம்மாலும் சொல்ல முடியாது.

இன்னொரு குறை, கடைசி வரை எல்லாவற்றையும் தம் கையிலேயே வைத்திருந்தது. அதை அவரே ஒப்புக்கொண்டார். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் வந்த பேட்டியில், எல்லாவற்றையும் தாமே கட்டுப்படுத்துவது தம்முடைய பலவீனம் என்றும், வேலையிலேயே நேரத்தைக் கழித்து நண்பர்களோடும் குடும்பத்தோடும் போதிய நேரம் செலவிடவில்லை என்பதே தம் வருத்தம் என்றும் கருத்துச் சொல்லியிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நம்மவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். எனக்குத் தைத்தது.

அதே நாட்டில் இன்னொரு குடும்பம்

உயிலுக்கு வருவதற்கு முன், அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதே நாட்டில் ஓர் உதாரணம் உண்டு. குச்சியோ குச்சி என்பவர் இளமையில் லண்டன் நகரத்துப் பெரிய ஓட்டலில் வேலை பார்த்தவர். செல்வர்களின் தோல் பெட்டிகளைப் பார்த்துப் பார்த்து, நாமும் இதைச் செய்யலாம் என்று ஊருக்குத் திரும்பி 1921இல் பிளாரன்ஸ் நகரில் தோல் சாமான் கடை வைத்தார். இவரும் சிப்பந்தியாக இருந்து முதலாளி ஆனவர்தான். 1953இல் அவர் இறந்தார். பிள்ளைகள் திறமைசாலிகள். நியூயார்க் வரை கடையை வளர்த்தார்கள். ஆனால் யாருக்கு எவ்வளவு அதிகாரம் என்ற கேள்வி தீரவில்லை. பேரப்பிள்ளைகள் காலத்தில் அது வழக்காக வெடித்தது. தகப்பனின் வரி ஏய்ப்பை மகனே அதிகாரிகளிடம் காட்டிக் கொடுத்தார். 1986இல் அந்த முதியவர் அமெரிக்காவில் சிறைக்குப் போனார். பேரன்களில் ஒருவரான மவுரிசியோ தம் கையில் இருந்த கடைசிப் பங்கையும் 1993இல் வெளியாருக்கு விற்றார். அத்தோடு அந்தக் குடும்பத்துக்கும் கடைக்கும் இருந்த உறவு அற்றுப்போனது. 1995 மார்ச் 27ஆம் தேதி அவர் மிலானில் தம் அலுவலக வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆள் வைத்துக் கொல்ல ஏற்பாடு செய்தவர் அவருடைய முன்னாள் மனைவி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குச்சி என்ற பெயர் உலகமெங்கும் கடை வாசலில் எரிகிறது. உள்ளே அந்தக் குடும்பத்தார் ஒருவர்கூட முதலாளி இல்லை. சரக்கு கெட்டதால் வந்த வினையா இது? சரக்கு முதல் தரம். யார், எப்போது, எவ்வளவு என்று முன்கூட்டி முடிவு செய்யாததால் வந்த வினை.

உயிலில் என்ன இருந்தது

அர்மானிக்குப் பிள்ளைகள் இல்லை. தங்கை இருந்தார். அண்ணன் மகள்கள் இருவர், தங்கை மகன் ஒருவர். பல ஆண்டுகளாகத் துணையாகவும் ஆண்கள் ஆடைப் பிரிவின் பொறுப்பாளராகவும் இருந்த லியோ டெல்ஓர்கோ ஒருவர். சட்டப்படி ஒரே வாரிசு என்று யாரும் நிற்காத இடத்தில்தான் சண்டை அதிகம் வரும்.

2016லேயே, அதாவது தம் 82ஆம் வயதில், தம் பெயரில் ஓர் அறக்கட்டளை நிறுவினார். கம்பெனி சிதறிப் போகாமல் காக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் உயிலை எழுதி முடித்தார். அதன்படி கம்பெனியில் ஓட்டுரிமை இப்படிப் பிரிந்தது. டெல்ஓர்கோவுக்கு 40 சதவீதம். அறக்கட்டளைக்கு 30 சதவீதம். அண்ணன் மகள் சில்வானாவுக்கும் தங்கை மகன் ஆண்ட்ரியாவுக்கும் ஆளுக்கு 15 சதவீதம். கூட்டிப் பாருங்கள். யார் ஒருவரும் தனியாக முடிவெடுக்க முடியாது. இரண்டு பேராவது சேர்ந்தால்தான் காரியம் நடக்கும்.

அதற்கு மேல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த பகுதி. உயிரோடிருந்தவரை யாருக்கும் விற்காத மனிதர், தமக்குப் பின் விற்கச் சொல்லி எழுதியிருந்தார். முதலில் 15 சதவீதத்தை ஒன்றரை ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். பிறகு சில ஆண்டு கழித்து அதே வாங்குபவருக்குப் பெரும்பகுதியைக் கொடுக்கலாம். அது கூடிவராவிட்டால் பங்குச் சந்தைக்குப் போக வேண்டும். எது நடந்தாலும் அறக்கட்டளையின் பங்கு 30.1 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. யாருக்கு முன்னுரிமை என்பதையும் எழுதினார். மூன்று பெரிய நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன. அவற்றில் லோரியால் நெடுநாளாக அவருக்கு வாசனைத் திரவியம் செய்து கொடுப்பது. எசிலோர்லக்சோட்டிகா அவர் பெயரில் மூக்குக் கண்ணாடி செய்து கொடுப்பது. அதாவது தம் சரக்கைக் கையாண்டு பழகியவர்களையே கைகாட்டினார். மூன்றாவது எல்விஎம்எச் என்ற பிரெஞ்சுக் குழுமம்.

இதில் உள்ள வியாபார நிதானத்தைப் பாருங்கள். ‘என் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று விட்டுவிடவில்லை. ‘ஒருபோதும் விற்காதே’ என்று செத்தபின்னும் பிடிவாதம் பிடிக்கவில்லை. தம்மால் முடிந்தது தமக்குப் பின் வருபவர்களால் முடியாமல் போகலாம் என்பதை ஒப்புக்கொண்டு, அவசரத்தில் அடிமாட்டு விலைக்குப் போகாதபடி படிப்படியாக வழி போட்டுக் கொடுத்தார்.

அவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. கம்பெனியின் 50ஆம் ஆண்டுக்காக அவர் ஏற்பாடு செய்திருந்த ஆடைக் காட்சி செப்டம்பர் 28ஆம் தேதி மிலானில் குறித்தபடி நடந்தது. முடிவில் முதலாளி வந்து நிற்க வேண்டிய இடத்தில் டெல்ஓர்கோவும் சில்வானாவும் வந்து நின்று வணங்கினார்கள். ஆண்கள் ஆடைக்கு ஒருவர், பெண்கள் ஆடைக்கு ஒருவர் என்று அவர் இருக்கும்போதே பழக்கி வைத்த ஆட்கள். கடை ஒரு நாள்கூடத் தடுமாறவில்லை.

நம் கதை

இனி நம் வீட்டுக்கு வருவோம். என் தகப்பனாரும் இன்னொருவரும் கூட்டாக மண்டி நடத்தினார்கள். வாய்ச்சொல்லில் நடந்த கூட்டு. 1987இல் தகப்பனார் மார்வலியில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் கிட்டங்கிக்குப் பூட்டு விழுந்தது. எங்களுக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று எழுத்து இல்லை. வங்கியில் இருந்த பணத்தை எடுக்க வழியில்லை. பதினான்கு மாதம் உள்ளே இருந்த துவரைக்கு வண்டு விழுந்து, கடைசியில் மாட்டுத் தீவன விலைக்குப் போனது. சரக்கு போனதைவிட, முப்பது ஆண்டு வாடிக்கையாளர்கள் வேறு மண்டி பார்த்துக்கொண்டதுதான் பெரிய நட்டம். யார் மேலும் எனக்கு இப்போது கோபம் இல்லை. எழுதாமல் விட்டது இரண்டு பெரியவர்களும் சேர்ந்து செய்த பிழை.

அந்த அடி பட்டவன் நான். அப்படியிருந்தும் அறுபத்தேழு வயது வரை நானும் ஒரு வரி எழுதவில்லை. உயில் என்ற வார்த்தையை எடுத்தாலே வீட்டில் ‘நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு’ என்று வாயை அடைத்துவிடுவார்கள். எனக்கும் அது வசதியாக இருந்தது.

என் மூத்தவன் கடையில் நிற்கிறான். இளையவன் வெளியூரில் உத்தியோகம். கணக்கும் வரியும் வங்கியும் பார்ப்பது என் மகள். பற்றுவரவில் யார் பாக்கி எவ்வளவு என்று என்னைவிட அவளுக்குத் தெரியும். ஆனாலும் கடை என்றால் பையனுக்குத்தான் என்று பேசாமலே ஒரு முடிவு வீட்டில் இருந்தது. அர்மானியின் உயிலை அவள் வாயால் படிக்கக் கேட்ட அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறு வாரமே மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினேன். கடையில் மூத்தவனுக்கும் மகளுக்கும் சம அதிகாரம், இளையவனுக்கு வீட்டிலும் வைப்பிலும் பங்கு என்று எழுதிவிட்டேன். மூத்தவன் முகம் இரண்டு நாள் சரியாக இல்லை. பின்னால் கோர்ட்டு வாசலில் அவன் முகம் வாடுவதைவிட என் எதிரில் இரண்டு நாள் வாடுவது மேல். மூன்றாம் நாள் அவனே, ‘அப்பா, தங்கச்சி கணக்குப் பார்க்கலேன்னா நான் மட்டும் என்ன செய்வேன்’ என்றான்.

என்ன செய்யலாம்

பெரிய பணக்காரருக்கு வக்கீல் பட்டாளம் இருக்கும், நமக்கு எங்கே என்று கேட்பீர்கள். நம் நாட்டுச் சட்டப்படி உயிலுக்கு முத்திரைத் தாள்கூடத் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, நாம் கையெழுத்திட, இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டால் போதும். பங்கு பெறுபவர்களைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது. பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் செய்துவிட்டால் பின்னால் தகராறு குறையும். பிதிரார்ஜிதச் சொத்தில் நம் பங்குக்கு மட்டும்தான் நாம் எழுத முடியும் என்பதையும், பெண் பிள்ளைகளுக்கும் சம உரிமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். கூட்டு வியாபாரம் செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிராவிட்டால் ஒரு பங்காளி இறந்ததும் கூட்டு கலைந்துவிடும். ‘இறந்தாலும் தொடரும், வாரிசுக்கு இந்த முறையில் கணக்குத் தீர்க்கப்படும்’ என்று ஒரு பத்தி எழுதிவிட்டால் கிட்டங்கிக்குப் பூட்டு விழாது. அவரவர் நிலைக்குத் தக்கபடி நல்ல வக்கீல் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுத்து மட்டும் போதாது. யாரிடம் கொடுக்கப் போகிறோமோ அவரைக் கல்லாவில் உட்கார வைத்து, நாம் வெளியே நின்று பார்க்க வேண்டும். கொள்முதலுக்கு அனுப்ப வேண்டும். இரண்டு தப்புச் செய்யட்டும், நம் காலத்திலேயே செய்யட்டும். வாரிசு இந்தத் தொழிலுக்கு வர விரும்பவில்லை என்றால் கண்ணீர் விட வேண்டாம். நம் கடையில் இருபது ஆண்டு நின்ற சிப்பந்திக்கோ, நம் சரக்கைத் தெரிந்த சக வியாபாரிக்கோ நல்ல விலைக்குக் கை மாற்றுவது அவமானம் அல்ல. அர்மானியே அப்படித்தான் வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார்.

நம் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் வரிக் கணக்குக்கு முகாம் நடத்துகிறோம், எடைக்கல் முத்திரைக்கு முகாம் நடத்துகிறோம். அடுத்த பொதுக்குழுவுக்கு முன் உயிலுக்கும் கூட்டு ஒப்பந்தத்துக்கும் ஒரு நாள் முகாம் வைக்க வேண்டும். வக்கீல் கட்டணத்தில் ஒரு பங்கைச் சங்கம் ஏற்றுக்கொள்ளலாம். முதல் நன்கொடை என்னுடையதாக இருக்கட்டும்.

நாள்தோறும் கடை சாத்துமுன் சரக்கைச் சரிபார்த்து, ரொக்கத்தை எண்ணி, கணக்கை எழுதிவிட்டுத்தானே விளக்கை அணைக்கிறோம்? எழுதாமல் ஒரு நாள் போய்ப் படுத்தால் தூக்கம் வருகிறதா? வாழ்நாள் முழுவதும் நடத்திய கடைக்கு மட்டும் கடைசிக் கணக்கை எழுதாமல் போவது என்ன நியாயம்?